பொறுப்புத் தெள்ளு

டெஸ்லோ ஏரியில் மக்கள் குளிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம், சட்டப்படி, இருபது நீர்த்தெள்ளுகளிடம் இருந்தது. அவற்றுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அவையும் ஒரு சங்கம் வைத்திருக்கும். ஜெர்மனியின் அந்த வடகோடியில் சங்கம் இல்லாதவர்கள் அவை மட்டும்தான்.

அந்தத் தெள்ளுகளை வளர்ப்பது வீப்கே லாட்ஷின் வேலை. மாவட்ட நீர்நிலை மேன்மை அலுவலகத்தின் நிலவறையில், ஊறுகாய் ஜாடிகள் போல வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே, பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். கடுகைவிடச் சின்ன உயிர்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இதயம் படபடப்பதும், தின்ற பாசி குடலில் பச்சையாக இறங்குவதும் தெரியும். அத்தனையும் பெண்கள், ஆண் துணை இல்லாமலே குட்டி போட்டுக்கொண்டிருந்தன. வீப்கேவும் விவாகரத்தானவள். அவளுக்கு அவற்றோடு ஒத்துப்போயிற்று.

விதி எளிமையானது. கோடையில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஏரித் தண்ணீரை எடுத்து, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத இருபது தெள்ளுக்குட்டிகளை அதில் விட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் குடுவையை மெல்ல அசைத்துப் பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் நீந்தாமல் கிடந்தால், குளிக்கும் துறையில் சிவப்புக் கொடி.

அந்த ஆகஸ்டில் ஏரியின் மேல் யாரோ பச்சைப் பெயிண்டைக் கொட்டியது மாதிரி நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசியில் சில வகை நஞ்சு சுரக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீப்கே குடுவையை அசைத்தாள். பதினைந்து விநாடி பார்த்தாள். மனசு கேட்காமல் இன்னொரு பதினைந்து விநாடி பார்த்தாள். இருபதும் அடியில் தவிடு மாதிரி படிந்து கிடந்தன.

அவள் தாளை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

இயக்குநர் போடோ வெல்ஷ்கே இரண்டு முறை முனைவர் பட்டம் வாங்கியவர்; அதனால் அவரை 'டாக்டர் டாக்டர்' என்று இரண்டு முறை விளிக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் சொன்னால் இன்னொன்று எங்கே என்பது போல நிமிர்ந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஏரித் திருவிழா. மாநில அரசின் 'நீல ரிப்பன் ஏரி' விருது டெஸ்லோவுக்குத் தொடர்ந்து பதினோராவது வருடமாகக் கிடைக்க இருந்தது. விருது வழங்கியதும் நாற்பது குழந்தைகள் ஏரியில் இறங்கி நீச்சல் தேர்வு எழுத, அதாவது நீந்த, இருந்தார்கள். தேறியவர்களுக்குக் கடல்குதிரைப் படம் போட்ட துணி வில்லை. குளியல் உடையில் அம்மாக்கள் தைத்துவிடுவார்கள்.

வெல்ஷ்கே தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, ஃப்ராவ் லாட்ஷ்."

"செத்துப்போச்சுன்னு எழுதலை, டாக்டர் டாக்டர். நீந்தலைன்னு எழுதியிருக்கேன். விதியில அப்படித்தான் இருக்கு."

"அப்போ செத்துப்போகலை."

"செத்தும் போச்சு."

"அது உங்க சொந்தக் கருத்து. எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"பதினஞ்சு விநாடி. அப்புறம் இன்னொரு பதினஞ்சு."

வெல்ஷ்கே நாற்காலியில் சாய்ந்தார். "பதினஞ்சு விநாடியா! அம்மா, நாம வடக்கத்திக்காரங்க. காலையில கண்ணு முழிச்சு நான் முதல்முதலா அசையறதுக்கே நாப்பது நிமிஷம் ஆகுது. என் மனைவி பதினஞ்சு விநாடியில முடிவு பண்ணியிருந்தா என்னை எப்பவோ புதைச்சிருப்பா."

அவரே நிலவறைக்கு இறங்கி வந்தார். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. குடுவைக்கு முன்னால் நாற்பது நிமிடம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தெள்ளுகள் ஒத்துழைக்கவில்லை. நாற்பத்தொன்றாவது நிமிடம் அவர் குடுவையைக் கையில் எடுத்து, காபியில் சர்க்கரை கரைக்கிறவர் போலச் சுழற்றினார். இருபதும் எழும்பி வட்டமாகச் சுற்றின.

"பாருங்க! போகுதுங்க!"

"தண்ணி போகுது, டாக்டர் டாக்டர். அது கூடவே இதுங்களும் போகுது."

"இந்த அலுவலகத்துல இருநூறு பேர் அப்படித்தான் போறாங்க. யாரையும் செத்துட்டாங்கன்னு நான் எழுதினதில்லை. கையெழுத்துப் போடுங்க."

வீப்கே போடவில்லை. அவள் துணிச்சல்காரி அல்ல. கூட்டங்களில் வாயைத் திறந்ததே கிடையாது. ஆனால் நீந்தாததை நீந்துகிறது என்று எழுதக் கை வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"என் நாய்க்கு என்ன ஆச்சுன்னு சொன்னியா அவர்கிட்ட?" என்று கேட்டான் ஹின்னெர்க், மதியம் ஏரித்துறைக்கு அவள் வந்தபோது. துறையின் உயிர்காப்பாளன் அவன். அறுபது வயது, கொடியேற்றுவது, நீச்சல் தேர்வு நடத்துவது, வெயிலில் கருகியவர்களுக்குத் தயிர் பூசுவது எல்லாம் அவன்தான். செவ்வாய்க்கிழமை அவனுடைய நாய் ஃபீட்டே கரையோரத்தில் நாலு வாய் தண்ணீர் குடித்தது. அரை மணியில் கால்கள் பின்னிக்கொண்டு விழுந்துவிட்டது. இரண்டு நாளாகக் கால்நடை மருத்துவரிடம் குழாய் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"சொன்னேன். மருத்துவர் சீட்டையும் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"நாய் நியமிக்கப்பட்ட சோதனை உயிரி இல்லையாம். அது தன்னிச்சையா குடிச்சிருக்காம்."

"ஞாயித்துக்கிழமை நாப்பது பிள்ளைங்க. ஆறு வயசு, ஏழு வயசு. நீந்தறப்போ பாதி ஏரியைக் குடிச்சிட்டுத்தான் கரையேறுவாங்க."

"கொடியை ஏத்திடேன்."

"தாள் இல்லாம ஏத்தினா என்னை அனுப்பிட்டு, வேற எவனையாவது வச்சுக் கொடியை இறக்கிடுவாங்க. போன வருஷம் மின்னல் அடிச்சப்ப ஏத்தினதுக்கே எழுத்துல விளக்கம் கேட்டாங்க."

மாலை நான்கு மணிக்குள் அலுவலகம் இரண்டு முடிவுகளை எடுத்திருந்தது.

முதல் முடிவு பணியாளர் மன்றத்தின் எல்கே க்ரோத் கொண்டுவந்தது. எல்கே நேர்மையானவள். அலுவலகத்தில் யாராவது மதிய உணவை நின்றுகொண்டு சாப்பிட்டால்கூடப் புகார் எழுதுவாள். வெல்ஷ்கே அவளிடம் தற்செயலாகப் பேசுவது போல ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவள் விதிப்புத்தகத்தோடு நிலவறைக்கு வந்தாள்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் தொடர்ச்சியாவா வேலை வாங்கறீங்க, வீப்கே? இடைவேளையே இல்லாம?"

"எல்கே, இதுங்க தெள்ளு."

"உயிரினம்தானே? அலுவலகத்துக்காகத்தானே நீந்துது? ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் சுத்தமான தண்ணியில ஓய்வு. இது இல்லாம நடந்த சோதனை செல்லாது. உனக்கு எதிரா எதுவும் இல்லை. நாளைக்கு உன்னை இப்படி நடத்தினாலும் நான்தான் வந்து நிப்பேன்."

அதை அவள் மனப்பூர்வமாகச் சொன்னாள் என்பதுதான் வீப்கேவைக் கலங்கடித்தது.

இரண்டாவது முடிவுக்கு வீப்கேவே காரணம். தெள்ளுகள் எங்கிருந்து வந்தவை என்று வெல்ஷ்கே கேட்டபோது, உண்மையைச் சொல்லிவிட்டாள்: முதல் தாயை ஒரு பவேரியா ஆய்வகத்திலிருந்து வாங்கியது.

வெல்ஷ்கே மேஜையைத் தட்டினார். "பவேரியாவா! பத்தொன்பது வருஷமா நம்ம ஏரியைப் பத்தித் தெற்கத்திக்காரிங்க தீர்ப்புச் சொல்லிட்டு இருந்திருக்காங்க! விழுந்து கிடக்காம என்ன பண்ணுவாங்க? நம்ம ஏரியில பொறந்ததுகளை விடுங்க. இந்தத் தண்ணிக்குப் பழகினதுகளை. அப்படிப் பழகும்னு ஒரு கட்டுரையில படிச்சேன்."

"பழகும், டாக்டர் டாக்டர். சில ஏரிகள்ல பழகியிருக்கு. ஆனா பல வருஷம் ஆகும். தாங்காததெல்லாம் செத்து ஒழிஞ்சு, தாங்கினது மட்டும் மிஞ்சினா, அதைத்தான் பழகினதுன்னு சொல்றோம்."

"அதைத்தான் நிர்வாகத்துல அனுபவம்னு சொல்றோம். போய்ப் பிடிச்சிட்டு வாங்க."

ஹின்னெர்க் படகைத் தள்ளினான். துடுப்பு பாசியில் கஞ்சியைக் கிளறுவது போல இறங்கி ஏறியது. வீப்கே நுண்வலையைப் பன்னிரண்டு தடவை இழுத்தாள். ஜூன் மாதத்தில் ஒரே இழுப்பில் கைநிறையத் தெள்ளு வரும் இடம் அது. இப்போது ஒன்றுகூட இல்லை. நஞ்சு ஒரு பக்கம். நூல் நூலான பாசி அவற்றின் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொள்வது இன்னொரு பக்கம். பட்டினியிலும் நஞ்சிலுமாக எல்லாம் போய்விட்டன. பாசியைத் தின்று ஏரியைத் தெளிய வைப்பவை அவைதான். அவை போனதும் பாசிக்குக் கேட்பாரில்லை.

வலையில் வந்தவை வேறு. துளி வடிவத்தில் உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கண், இரண்டு பக்கமும் மூட்டை கட்டியது போல முட்டைப் பை. துடுப்புக்காலிகள். தெள்ளு மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வடிகட்டி விழுங்காது இது. வேண்டியதை மட்டும் பொறுக்கித் தின்னும்.

வீப்கே அதை அப்படியே அலுவலகத்தில் சொன்னாள். தெள்ளு இல்லை என்பதே போதுமான சான்று, இனிச் சோதனையே தேவையில்லை என்று அவள் நினைத்தாள். நிர்வாகத்தை அவள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

"தெள்ளுப் பதவி காலியா இருக்கு, அவ்வளவுதானே?" என்றார் வெல்ஷ்கே. "இந்தத் துடுப்புக்காலி பச்சையைத் தொடறதில்லைங்கறீங்க?"

"தொடாது. சுத்தி என்ன நடந்தாலும் கண்டுக்காம, தனக்குப் பிடிச்சதைத் தேடிப்போய்த் தின்னும். அதனாலதான் இது தாக்குப்பிடிக்குது. இதை வச்சுத் தண்ணி நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது."

"சுத்தி என்ன நடந்தாலும் கண்டுக்காது," என்று வெல்ஷ்கே மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. "ஃப்ராவ் லாட்ஷ், இருபத்தாறு வருஷமா இப்படிப்பட்ட ஒரு ஊழியரைத்தான் நான் தேடிட்டு இருக்கேன்."

ஐந்து மணிக்கு ஆணை தட்டச்சாகி வந்தது. இருபது துடுப்புக்காலிகள், மறு உத்தரவு வரும்வரை, பொறுப்புத் தெள்ளுகளாக நியமிக்கப்பட்டன. ஓய்வூதிய உரிமை இல்லை என்று எல்கே க்ரோத் அடியில் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்திருந்தாள்.

அன்றும் மறுநாளும் வீப்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இருபது பேரையும் உறிஞ்சு குழலால் எடுத்துச் சுத்தமான தண்ணீரில் ஓய்வுக்கு விட்டாள். அரை மணி கழித்துத் திரும்பப் பணியில் சேர்த்தாள். ஒன்று ஓய்வு நேரத்தில் இன்னொன்றைத் துரத்திக் கடித்தது. அதைப் பற்றி விதியில் எதுவும் இல்லாததால் அவள் எழுதவில்லை. பக்கத்தில், யாரும் கேட்காமலே, இன்னொரு குடுவையில் தன் பவேரியாக்காரிகள் இருபது பேரை அதே ஏரித் தண்ணீரில் விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினாறு விழுந்துவிட்டன. அவற்றின் வெளிர்ந்த குடலை உருப்பெருக்கியில் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விடும்போதே முடிவு தெரிந்துதான் விட்டாள். அது நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை அரசு அலுவலகம் திறக்காது. ஆனால் நீல ரிப்பனுக்காகத் திறந்தது. மாலை ஐந்து மணிக்குப் பொறுப்புத் தெள்ளுகள் இருபதும் துள்ளித் துள்ளி நீந்தின. இரண்டாவது குடுவையில் இருபதும் தவிடு.

"இதைப் பாருங்க, டாக்டர் டாக்டர்."

"அது யாரு? பணிப்பட்டியல்ல பேரே இல்லையே. அனுமதி இல்லாம உள்ளே வந்தவங்க விழுந்து கிடந்தா அலுவலகம் பொறுப்பாகாது." அவர் படிவத்தை நீட்டினார். "நீந்துதா இல்லையா? நீந்துது. இதுல பொய் என்ன இருக்கு? போடுங்க."

வீப்கே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "துடுப்புக்காலின்னு எழுதினா போடறேன்."

வெல்ஷ்கே கோபிக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்தார். அதில் வீப்கே லாட்ஷுக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஐந்து பத்து வரை விடுப்பு வழங்கப்பட்டிருந்தது. ஆய்வாளர் விடுப்பில் இருந்தால் இயக்குநரே கையெழுத்திடலாம். வீப்கே கண் முன்னால் அவர் கையெழுத்திட்டார், மை காயும்வரை ஊதினார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. நல்லா ஓய்வெடுங்க."

அவள் நேராகத் துறைக்குப் போனாள். திருவிழாவுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹின்னெர்க் தன் குடிசையில் உட்கார்ந்து மீன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். காலையில்தான் ஃபீட்டே எழுந்து நின்றதாம். ஆனால் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறதாம்.

"தண்ணி நல்லா இருக்குன்னு தாள் வந்துடுச்சு," என்றான். "எனக்கே ஒரு பிரதி."

வீப்கே மேஜையிலிருந்த கையேட்டைப் புரட்டினாள். கடல்குதிரை வில்லைத் தேர்வு நடத்துவதற்கான உயிர்காப்புச் சங்கத்தின் விதிகள். படிப்பதற்கு எதையாவது தேடிய கை தற்செயலாக எடுத்தது; ஆனால் பத்தொன்பது வருட அலுவலகப் பழக்கம், சின்ன எழுத்தையும் விடாமல் படித்தாள். இருபத்தைந்து மீட்டர் நீந்த வேண்டும். தோள் ஆழத் தண்ணீரில் போட்ட வளையத்தை எடுத்து வர வேண்டும். விதி பதினொன்றை இரண்டு தடவை படித்தாள்.

"ஹின்னெர்க், இதை யார் எழுதினது? எங்க அலுவலகமா?"

"உங்க அலுவலகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது காப்பீட்டுக்காரங்க எழுதினது."

"நல்லது," என்றாள் வீப்கே. அந்த வாரத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். ஹின்னெர்க் மெல்வதை நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை ஊதுகுழல் இசைக்குழு வாசித்தது. பிளம் கேக் முந்நூறு துண்டு வெட்டி வைத்திருந்தார்கள்; குளவிகள் வந்துவிட்டன. நாற்பது குழந்தைகள் கரையில் வரிசையாக நின்று, தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாநிலத்திலிருந்து வந்த அம்மையார் நீல ரிப்பனை மாட்டிவிட்டார். வெல்ஷ்கே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! சிலர் கேட்கிறார்கள், ஏரி ஏன் பச்சையாக இருக்கிறது என்று. நான் கேட்கிறேன், இயற்கைக்குப் பச்சையைவிடப் பொருத்தமான நிறம் உண்டா? பதினோரு வருடங்களில் எங்கள் அலுவலகம் ஒரு தடவைகூட இந்தத் துறையை மூடியதில்லை. ஏரி எத்தனை முறை கெட்டுப்போயிருந்தாலும் எங்கள் அறிக்கை ஒரு முறையும் கெட்டதில்லை! தண்ணீர் வரும், போகும். காகிதம்தான் நிலைத்து நிற்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். மாநில அம்மையார் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

தேர்வுக்கான சிவப்பு வளையத்தை ஹின்னெர்க் உயர்த்திக் காட்டினான். தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த பலகை மேடையின் நுனிக்கு நடந்தான். கையை ஓங்கி வீசினான். பொதக் என்று சத்தம் கேட்டது. பச்சையில் ஒரு கறுப்பு ஓட்டை விழுந்து, மூடிக்கொண்டது.

மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். வீப்கே மட்டும் அவன் இடது கையைப் பார்த்தாள். வளையம் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரில் விழுந்தது கூழாங்கல்.

ஹின்னெர்க் குனிந்து பார்த்தான். மண்டியிட்டுப் பார்த்தான். எழுந்து கையேட்டைப் பிரித்தான்.

"டாக்டர் டாக்டர், எனக்கு அடி தெரியலை."

"தெரியாட்டி என்ன? பிள்ளைங்க இறங்கித் தடவி எடுக்கட்டும்."

"விதி பதினொண்ணு," என்று ஹின்னெர்க் ஒலிவாங்கிக்கு எட்டும்படி சத்தமாகப் படித்தான். "'அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பரப்பில் தேர்வுப் பொருள் மீட்கப்படாதிருந்தால், அது மீட்கப்படும்வரை எவரும் நீரில் இறங்கலாகாது. மீறி அனுமதிக்கும் அதிகாரி, விளையும் அனைத்துக்கும், தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார்.'"

வெல்ஷ்கே இருபத்தாறு வருடம் பதவியில் இருந்தவர். அலுவலக முறையில், துறை முறையில், இடைக்கால முறையில், மேலிட அறிவுறுத்தலின்படி என்று எத்தனையோ முறையில் அவர் பொறுப்பேற்றிருக்கிறார். தனிப்பட்ட முறையில் என்ற சொல்லை அவருக்கு நேராக யாரும் இதுவரை நீட்டியதில்லை.

"விளையும் அனைத்துக்குமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க 'சரி, இறங்குங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாநில அம்மா முன்னாடியே சொல்லிடுங்க, சாட்சியும் ஆச்சு."

நாய் விழுந்தபோதும் நாற்பது தெள்ளுகள் செத்தபோதும் அசையாத மனிதர், கொடிக்கம்பத்தை நோக்கி ஓடினார். காலணி மணலில் புதையப் புதைய ஓடி, சிவப்புக் கொடியைத் தன் கையாலேயே ஏற்றினார். கயிறு சிக்கியது. எல்கே க்ரோத் போய் முடிச்சை எடுத்துவிட்டாள். இயக்குநருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான மாற்று விடுப்பு உண்டு என்றும் நினைவூட்டினாள்.

குழந்தைகளில் பாதிப் பேர் அழுதார்கள். அவர்களைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊர் உள்ளரங்கக் குளத்துக்கு அனுப்பினார்கள். முப்பத்தேழு பேர் தேறினார்கள். மிச்சம் மூன்று பேரும் கேக்கை அதிகம் தின்றிருந்தார்கள்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. டெஸ்லோ ஏரியின் தண்ணீர் எல்லா வகையிலும் மேன்மையானது. ஆயினும், தொலைந்த பொருள் ஒன்று மீட்கப்படாத காரணத்தால், காலவரையின்றிக் குளிக்கத் தடை. அதோடு வளைய மீட்பு ஆணையம் ஒன்றும் அமைந்தது. தலைவர், வெல்ஷ்கே. உறுப்பினர்கள் ஏழு பேர். பொருட்களைக் கூர்ந்து பார்க்கும் அனுபவம் உள்ளவர் என்பதால் செயலாளர், வீப்கே லாட்ஷ். செவ்வாய்தோறும் ஏரிக்குப் போய்த் தேடி, எழுத்தில் அறிக்கை தர வேண்டும்.

அவள் ஒரு வாரமும் தவறவில்லை. செப்டம்பர் கடைசியில் இரவுகள் குளிர்ந்தன. பாசி மெல்ல வெளிறி, அடியில் இறங்கியது. அக்டோபர் இரண்டாவது செவ்வாய் அவளுடைய வலையில் பதினொரு நீர்த்தெள்ளுகள் வந்தன. சேற்றில் உறங்கிய முட்டையிலிருந்து வந்தவையா, ஓடையிலிருந்து அடித்து வந்தவையா, தெரியாது. படகிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். குடல்கள் நிறைந்திருந்தன. திரும்ப ஏரியில் விட்டுவிட்டாள்.

அறிக்கையை ஹின்னெர்க்கின் சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள். அவன் காபி ஊற்றினான். ஜன்னல் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியிருந்த சிவப்பு வளையத்தைத் தாண்டி வெயில் மேஜையில் விழுந்தது. அவள் எழுதினாள்: 'இவ்வாரமும் ஏரி முழுவதும் கவனமாகத் தேடப்பட்டது. வளையம் ஏரியில் தென்படவில்லை.'

ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் படித்தாள். பொய் எதுவும் இல்லை. கையெழுத்திட்டாள்.